உள்ளங்கை நீளக் கல்

என் வீட்டுக்காரருடைய கத்தி தோட்டத்துக்குச் சொந்தம். கல் மட்டும்தான் அவருக்குச் சொந்தம். அவர் இறந்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. காரியம் முடிந்ததும் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஆள் வந்து கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு போனார். அது முறைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல்லை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்தவர் காலிலேயே போட்டிருப்பேன்.

கவ்வாத்து என்பது வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. அதற்கென்று முனை உள்பக்கம் வளைந்த கத்தி உண்டு. வெட்டு ஒரே வீச்சில் சாய்வாக விழ வேண்டும். கத்தி மொட்டையாக இருந்தால் கிளை பிளந்துபோகும், கணக்கப்பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு சின்னத் தீட்டுக்கல் இருக்கும். இவருடையது என் உள்ளங்கை நீளம், இரண்டு விரல் அகலம். வருசக்கணக்காக ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டி, நடுவில் வாழைப்பூ மடல் போலக் குழிந்திருந்தது.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை, எங்களுடையது. வாசலை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் சிமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்து, கத்திப் பிடியைத் தொடையோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். கத்தி அசையாது, கல்தான் அதன்மேல் ஓடும். கத்தியின் வயிற்றுப் பக்கம் நீளமாக ஒரு இழுப்பு, வளைந்த மூக்குப் பக்கம் குட்டை குட்டையாகச் சில, பிறகு கல்லைத் தண்ணீரில் தொட ஒரு நிறுத்தம். விடிந்தும் விடியாத நேரத்தில், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன், இது தினசரி நடக்கும். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் எனக்குப் பல்லைக் கூசவைத்தது. பிறகு அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன் என்றாகிவிட்டது. "நேரமாகலையா ஒங்களுக்கு?" என்று உள்ளே படுத்தபடியே கேட்பேன். அவர் பதில் சொல்ல மாட்டார். கல் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடும்.

போன கவ்வாத்தின்போது ஒரு செடிக்குள் இருந்த குளவிக் கூட்டில் அவர் கத்தி பட்டுவிட்டது. கூட நின்றவர்கள் ஓடினார்கள். இவரும் ஓடினார். சரிவில் கால் இடறி விழுந்த இடத்திலேயே குளவி மொய்த்துவிட்டது. லொறியில் ஏற்றிப் பண்டாரவளைக்கும், அங்கிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். பதுளையில் அவர் உடுப்பை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். காற்சட்டைப் பைக்குள் கல் இருந்தது, இன்னும் ஈரமாக. அது என்ன ஈரம் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

முப்பதாம் நாள் படையலில் கல்லையும் வைத்தேன். மறுநாள் அதை எடுத்துத் தொட்டிக் கட்டில், அவர் எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்தேன். ஹல்துமுல்லையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நான் போகவில்லை. அடுப்பங்கரைக் கத்தியை அந்தக் கல்லில் தீட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அடுத்த கவ்வாத்து தொடங்கியது. ஒரு நாள் விடியப்போகும் நேரத்தில் கண் விழித்தேன். எதற்கு விழித்தேன் என்று தெரியாமல் படுத்திருந்தேன். வாசலில் கல் ஓடியது. நீளமாக ஒரு இழுப்பு. குட்டையாகச் சில. தண்ணீர் தொட ஒரு நிறுத்தம். மறுபடியும் நீளமாக ஒன்று.

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். வேறு ஆளாக இருக்குமோ என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. லயத்தில் எத்தனையோ பேர் கத்தி தீட்டுகிறார்கள், ஒவ்வொரு கத்திக்கும் ஒவ்வொரு சத்தம். இத்தனை வருசம் காதோடு கிடந்த சத்தம் எனக்குத் தெரியாதா? அது அவர் கத்தி, அவர் கல். சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தேன். பனிமூட்டத்தில் தொட்டியே சரியாகத் தெரியவில்லை. கல் அதன் இடத்தில் நனைந்து கிடந்தது. பனியில் எல்லாமே நனைந்துதான் கிடந்தன.

அதற்குப் பிறகு தினமும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் மட்டும் கேட்காது. செத்த பிறகும் லீவு நாளில் வேலை செய்ய மாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு இருந்தபோதும் லீவு நாளில் ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. முதலில் இருந்த நடுக்கம் போய், விடியக்காலம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். கதவை மட்டும் திறக்கவே இல்லை. திறந்தால் சத்தம் நின்றுவிடும், ஒருவேளை அப்புறம் வராமலே போய்விடும் என்று பயம். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விடுவேன்.

இரண்டு காம்பரா தள்ளி இருப்பவள் ஒரு நாள் தண்ணீர் எடுக்க வந்தவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருசனும் கவ்வாத்து வெட்டுகிறவர்தான். என் வீட்டுக்காரரோடு ஒரே வரிசையில் வெட்டியவர்.

"அக்கா, ஒங்களுக்குக் கேக்குதா?"

"என்னது?"

"வெடியக்காலையில கத்தி தீட்டுற சத்தம். ஒங்க வாசல்லதான் கேக்குது. எங்க வீட்டுக்காரரு வெள்ளனவே கெளம்பிப் போயிர்றாரு. நான் ஒத்தையில கெடந்து நடுங்குறேன்."

இன்னொருத்திக்கும் கேட்கிறது என்றதும் எனக்கு வந்தது பயமல்ல, பெருமை. அப்படியானால் இது என் மனப்பிராந்தி இல்லை. அவர் வருகிறார்.

"அந்தக் கல்லுலதான் அண்ணன் உசுரு நிக்குது. ஆத்துல போட்டுருங்கக்கா. அவரு நல்லபடியா போய்ச் சேரட்டும்."

"அவரு போய்ச் சேரணும்னு நீ ஏன்டி இப்புடிப் பறக்குற?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் கல்லை எடுப்பதாக இல்லை. செத்தவர்களை அனுப்பிவைப்பதில் ஊருக்கு எப்போதுமே ஒரு அவசரம். நான் அவரைப் போகச் சொல்வதாக இல்லை. பேயாக வந்தாலும் சரி, என் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும். மனதில் இருந்தது இவ்வளவுதான்.

வேலை செய்யும் இடத்தில்தான் கல்லுக்கு அடுத்த ஆபத்து வந்தது. பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டுகிறேன். எல்லவுக்குச் சுற்றிப்பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம். வெலிமடையிலிருந்து, வெங்காயத்தாள் போலத் தடித்து நீண்ட லீக்சும் கேரட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எங்கள் பெரிய கோக்கி, அதாவது தலைமைச் சமையல்காரர், வெலிமடைச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், கிண்டல் அதைவிட நன்றாக வரும். ஒரு நாள் நான் வெட்டிய லீக்சை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினார். வளையம் வளையமாக விழ வேண்டியது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாகத் தொங்கியது.

"மால கட்டியிருக்கீங்க அக்கா. சூப்புக்கா, சாமிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் என் கத்தியை வாங்கிப் பலகைமேல் வாய்ப்பக்கம் படும்படி நிறுத்தினார். இரண்டு நுனியும் பலகையில் பட்டன. நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

"நடுவுல தேஞ்சி குழியாப் போச்சி. அதான் அடி வரைக்கும் வெட்டுப்பட மாட்டேங்குது. எந்தக் கல்லுல தீட்டுறீங்க?"

உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன்.

"அது வளைஞ்ச கத்திக்கு உள்ள கல்லு. கையில புடிச்சி ஓட்டுறது. நேர்க் கத்திக்கு அது ஆவாது. கல்லு அசையாமக் கெடக்கணும், கத்திதான் ஓடணும். கத்தி வாய் எவ்வளவு நீட்டோ, கல்லு அதுக்குக் கொறையக் கூடாது. பதுளைக்குப் போய் நல்ல கல்லா வாங்குங்க. இல்லாட்டி பாத்திரம் கழுவுற பக்கம் போயிருங்க."

பாத்திரம் கழுவுவதில் கேவலம் ஒன்றும் இல்லை, ஆனால் சவர்க்காரத் தண்ணீர் பட்டாலே என் கை வெடித்துவிடும். போகத்தான் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் பதுளையில் கால் வைத்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி கடைத்தெருவுக்கு நடந்தேன். மகளுக்குச் சின்ன வயசில் செருப்பு வாங்கப் போகும்போதுகூட ஈர்க்குச்சியை ஒடித்து அளவெடுத்துக்கொண்டு போனவள் நான். தினமும் கையில் பிடிக்கிற கத்திக்கு எதற்கு அளவு என்று அன்றைக்கு வெறுங்கையோடு போயிருந்தேன்.

இரும்புக் கடைக்காரர் வயசான முஸ்லிம், எல்லோருக்கும் நானா. தட்டில் கற்களை அடுக்கி வைத்திருந்தார். முழம் தொடுகிற நீளத்தில் சில, விரல் நீளத்தில் சில, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருந்தவை சில.

"என்ன கத்திக்கு தங்கச்சி? எவ்வளவு நீட்டு?"

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கை முந்திக்கொண்டது. இடது கை எதையோ தொடையோடு சேர்த்து அழுத்தியது. வலது கை காற்றில் நீளமாக ஒரு முறை ஓடி, பிறகு குட்டை குட்டையாகப் போய் வந்தது.

"கவ்வாத்துக் கத்தியா? அத வாயால சொல்லவே தேவையில்ல, கையே சொல்லுதே" என்று சிரித்துக்கொண்டு ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தாளில் சுற்றினார்.

"ஆமாங்க நானா" என்றேன். ஏன் ஆமாம் என்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ் மலையேறும்போது தாளைப் பிரித்துப் பார்த்தேன். என் உள்ளங்கை நீளம், இரண்டு விரல் அகலம். குழி மட்டும்தான் இல்லை. நான் ஒரு நாளும் கவ்வாத்துக் கத்தி தீட்டியதில்லை. கடையில் என் கையைப் பிடித்து ஆட்டியது யார்? அவர் வாசலுக்கு வருவது வேறு, என் கைக்குள் வருவது வேறு. அன்றைக்குத்தான் நான் அவருக்கு உண்மையாகப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இரண்டு காம்பரா தள்ளி இருப்பவள் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். தூக்கமே இல்லை என்றாள். எனக்கும் பிடிவாதம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆற்றில் போட மனம் வரவில்லை. பழைய கல்லை அவர் இடுப்பில் கட்டும் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். தொட்டிக் கட்டை வெறுமையாக விடவும் முடியவில்லை. புதுக் கல்லை அந்த இடத்தில் வைத்தேன்.

விடியப்போகும் நேரத்தில் சத்தம் வந்தது. ஆனால் அந்தச் சத்தம் இல்லை. கீச்சென்று வழுக்கி, பாதியில் நின்றது. மறுபடியும் இழுத்தது, மறுபடியும் நின்றது. பிறகு ஒரு இருமல்.

செத்தவர்கள் இருமமாட்டார்கள். ஒரே எட்டில் போய்க் கதவைத் திறந்தேன்.

ஒரு கையில் வளைந்த கத்தியும் மறு கையில் என் புதுக் கல்லுமாக நின்றவர், இரண்டு காம்பரா தள்ளி இருப்பவளின் புருசன்.

"மதினி... கோவிச்சிக்காதீங்க."

"நீங்களா? இத்தன நாளும் நீங்கதானா?"

"ஸ்டோர்ல இந்தக் கத்தியக் குடுத்தாங்க மதினி. அண்ணன் கத்தி. பிடியில அண்ணன் சுத்துன சைக்கிள் டியூப்பு கூட அப்புடியே இருக்கு, பாருங்க. என் கல்லு தட்டக் கல்லு. அதுல மூக்குப் பக்கம் ஏறவே மாட்டேங்குது. அண்ணன் கல்லோட குழியிலயே தேஞ்சி தேஞ்சி வந்த கத்தி இது, அதுல வச்சாத்தான் பதம் வருது. கேட்டிருக்கணும். எப்புடி மதினி ஒங்ககிட்ட வந்து கேக்குறது? வீட்டுல சொன்னா, செத்தவரு கத்தின்னு அவ என்னைய மலைக்கே விடமாட்டா."

கல்லைத் தொட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம் வரவில்லை. அங்கே நின்றது இந்த மனிதர் என்பதுதான் பொறுக்கவில்லை. கத்தி அதே கத்தி, கல் அதே கல், அந்த வளைவில் யார் தீட்டினாலும் அதே சத்தம்தான் வரும். பேய் லீவு நாளில் வராததற்கும் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத அந்த மனிதர் தன் முகத்தைக் கொண்டுவந்து காட்டி, என் வீட்டுக்காரர் வாசலில் இல்லை என்று சொல்லிவிட்டார். பதுளையில் பையை வாங்கியபோது வராத அழுகை அப்போது வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

அழுது ஓய்ந்ததும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். சாரத்திலிருந்து கல்லை எடுத்து வந்து தொட்டிக் கட்டில் வைத்தேன். அவர் கையில் கொடுக்கவில்லை.

"தீட்டுங்க."

"மதினி, நான் வேணும்னா..."

"நாளைக்கும் வாங்க. எப்பவும் போல வாங்க. கல்லு இங்கதான் இருக்கும். ஆனா பேசாதீங்க. கதவத் தட்டாதீங்க. இருமாதீங்க."

"சரிங்க மதினி" என்றார்.

"செடிய ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு வெட்டுங்க."

"அண்ணன் போனதுலேருந்து எல்லாரும் அப்புடித்தான் மதினி வெட்டுறோம்."

கதவைச் சாத்தினேன். சத்தம் முதலில் தயங்கியது. பிறகு சரியாக வந்தது.

அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நடுங்கவும் விடக்கூடாது. "அவரு யாரையும் ஒன்னும் செய்ய மாட்டாருடி. ஒம் புருசனுக்குக் காவலாத்தான் இருக்காரு" என்று சொல்லிவைத்தேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் வந்து தொட்டிக் கட்டில் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகிறாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.

பதுளைக்கு மறுபடியும் போனேன். இந்த முறை என் கத்தி வாய்க்குச் சமமாக ஈர்க்கை ஒடித்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நானா ஈர்க்கை ஒவ்வொரு கல்லோடும் வைத்துப் பார்த்து, அதைவிட ஒரு விரல் கூடுதலான கல்லைக் கொடுத்தார். அடியில் ஈரச் சாக்குத் துண்டு போட்டால் வழுக்காது என்றார். சாயங்காலங்களில் அதில் தீட்டுகிறேன். கல் கிடக்கிறது, கத்தி ஓடுகிறது. நடுவில் இருந்த குழி மெல்ல மெல்லச் சரியாகி, லீக்ஸ் தனித்தனியாக விழுகிறது. "என்ன அக்கா, இன்னைக்கு மால இல்லியா?" என்று பெரிய கோக்கி கேட்கிறார். அந்தக் கல்லின் சத்தம் எனக்குப் புதிது. அதில் யாரும் வருவதில்லை.

விடியக்காலச் சத்தம் மட்டும் தொடர்கிறது. யார் தீட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். போன வாரம் அடைமழையில் நனைந்து அவருக்குச் சளி பிடித்திருந்தது. தண்ணீர் தொடும் நிறுத்தத்தில் ஒரு இருமல் தொண்டை வரை வந்ததும், வாயைப் பொத்தி அதை அவர் அடக்கிக்கொண்டதும் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, படுத்தபடியே, வாய்விட்டுக் கேட்டேன்.

"நேரமாகலையா ஒங்களுக்கு?"

வெளியே கல் ஒரு கணம் நின்றது. பிறகு கொஞ்சம் வேகமாக ஓடியது.